காலி செய்யாத குரல்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் திட்டுவார்கள், அப்புறம் அழுவார்கள், அதற்குப் பிறகுதான் மனிதர்களாகப் பேசுவார்கள். இந்த வரிசை மாறி ஒருவரையும் பார்த்ததில்லை என்று லிஃப்டக்கா சொல்வாள். பார்த்ததில்லை என்ன, அவள் யாரையுமே பார்த்ததில்லை. காதால் கேட்டதுதான்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றின் அவசர லைனில் அவளுக்கு வேலை. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அது அவள் காதில் வந்து ஒலிக்கும். மெக்கானிக்குக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர் போய்க் கதவைத் திறக்கும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வீட்டிலிருந்தபடியே மத்தியான ஷிப்ட். மெக்கானிக்குகள் வைத்த பெயர்தான் லிஃப்டக்கா. லிஃப்டக்காவுக்கோ லிஃப்ட் என்றாலே ஆகாது. நாலு மாடி என்றாலும் மூச்சு வாங்கிக்கொண்டு படியில்தான் ஏறுவாள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தவள் அல்லவா.

அதற்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் விசாரணை கவுன்டரில் இருந்தாள். அங்கே வாங்கிய ஏச்சுக்கும் பேச்சுக்கும் வேறு யாராக இருந்தாலும் வாய் தடித்துப்போயிருக்கும். இவளுக்கு நேர்மாறாகக் குரல் பதமானது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "நாள் பூரா பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டவங்களோட பேசிட்டு, சாயங்காலம் நானும் போய் ஒண்ணுக்குள்ள மாட்டிக்கணுமா?" என்று கேட்டு வாயடைத்துவிடுவாள். அப்படியே ஐம்பதைத் தாண்டிவிட்டாள்.

வேலைக்கென்று அவளிடம் ஒரு குரல் உண்டு. பேசுவதற்கு முன் சின்னதாக ஒரு செருமல். பிறகு, "சொல்லுங்க, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" பதில் எதுவானாலும் அடுத்தது, "பயப்படாதீங்க. நான் லைன்லயே இருக்கேன். ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க." இதைக் கேட்டால் புலம்பிக்கொண்டிருப்பவர்கூடக் கொஞ்சம் அடங்கிவிடுவார். அவளுடைய சொந்த அக்கா மட்டும், "ஏண்டி, அந்தக் குரல்ல என்கிட்ட ஒரு நாளாவது பேசியிருக்கியா?" என்று குறைபட்டுக்கொள்வாள். நியாயமான குறைதான். வீட்டில் அவள் பேசுவது பாத்திரம் உருட்டுவதைப் போலத்தான் இருக்கும்.

அந்த அக்காவால்தான் வீடு மாற வேண்டியதாயிற்று. காலில் ஆபரேஷன் ஆகி, மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சகோதரிகள் இரண்டு பேரும் அவரவர் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, தரைத்தளத்தில் ஒரே வீடாகப் பார்த்துக்கொண்டார்கள். புது வீட்டு அட்வான்ஸில் பாதியைக் கட்டியாயிற்று. மீதிப் பாதி, பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பி வந்தால்தான். புது வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வேற ஆள் ரெடியா இருக்காங்க. தப்பா நினைச்சுக்காதீங்க." கால் கட்டோடு அக்கா அந்த வீட்டு ஜன்னல் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, இனிமேல் இங்கிருந்து யாரும் என்னை அசைக்க முடியாது என்பது மாதிரி படுத்திருந்தாள். அவளை எழுப்பி இன்னொரு வீட்டுக்குத் தூக்கிப் போவது நடக்கிற காரியமில்லை.

பழைய வீட்டுக்காரர் கீழே தனியாக இருக்கும் பெரியவர். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது. மகன் எங்கோ தூரத்தில். அத்தனை வருஷத்தில் வாடகையை அவர் ஒரு நாளும் முன்கூட்டிக் கேட்டதில்லை, குழாய் கெட்டால் சாக்குப்போக்கு சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் அட்வான்ஸ் விஷயத்தில் இழுத்தடிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சாவியைக் கொடுத்த அன்று, "கரன்ட் பில் வரட்டும்மா" என்றார். பில் வந்தது, கட்டினாள். அடுத்து சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள். ஆளை வைத்துப் பூசிக் கொடுத்தாள். அதற்கடுத்துப் போனால், மனுஷர் பேச்சையே மாற்றிவிட்டார்.

"நீ இன்னும் காலி பண்ணலையேம்மா."

"என்ன சார் சொல்றீங்க? சாமான் போயி, சாவி கொடுத்து, எல்லாம் முடிஞ்சு போச்சு."

"சாமான் போச்சு. பார்த்தேன். நீ போகலையே. மத்தியானமானா மேல பேசிக்கிட்டு இருக்கியே."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காது குத்துவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? "மத்தியானம் நான் புது வீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கறேன் சார். வேணும்னா எங்க அக்காகிட்ட போன் போட்டுக் கேளுங்க."

"அது எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஸ்டோர் பார்த்தவன் நான். இருக்கற சரக்கை இல்லைன்னு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்ல. மேல ஆள் இருக்கும்போது வீடு காலின்னு சொல்லி எப்படி அட்வான்ஸைக் கொடுக்கறது? நீயே சொல்லு."

முகத்தைப் பார்த்தால் ஏமாற்றுகிற முகமாக இல்லை. அதுதான் அவளைக் குழப்பியது. ஏமாற்றுக்காரனிடம் சண்டை போடலாம், இல்லை போலீசுக்குப் போவேன் என்று மிரட்டலாம். நம்புகிறவரிடம் என்ன செய்வது? மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தன் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்தாள். "வாங்க சார், ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்போம்," என்றாள். பெரியவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்து புரிய வைத்தால் சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு.

வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், சுவரில் மனைவியின் போட்டோ. டிவி எப்போதோ கெட்டுப்போய் அதன்மேல் துணி போர்த்தியிருந்தது. ரேடியோ கிடையாது. சந்தேகத்தோடு எல்லா மூலையையும் ஒருமுறை கண்ணால் துழாவிக்கொண்டாள். அவர் தன் நாற்காலியை அவளுடைய பழைய முன்னறைக்கு நேர் கீழே போட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். தினமும் செய்கிற காரியம் என்பது அந்தச் சாய்விலேயே தெரிந்தது.

மேலே சக்கரம் உருண்டது.

சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று மேஜையை நோக்கி நகரும் சத்தம். அவள் வேலைக்கு உட்காரும் அந்த நாற்காலி இப்போது புது வீட்டில், அக்காவின் துணிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. காலையில்தான் அதில் துண்டு காயப் போட்டுவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு செருமல்.

பேச்சு வந்தது. மச்சு தடுத்ததால் வார்த்தை தெளிவாக இல்லை. ஆனால் ஏற்ற இறக்கம் தெளிவாக இருந்தது. தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்குமே அடையாளம் தெரியாது என்பார்கள். இவளுக்குத் தெரியும். பயிற்சிக்கென்று மாதாமாதம் இவள் பேசியதைப் பதிவு செய்து இவளுக்கே போட்டுக் காட்டுவார்கள். இது அந்தக் குரல்தான். பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "ஆச்சா? கேக்குதா?" என்றார்.

வாசல்பக்கப் படியில் அவள் ஏறிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை. கிளம்பும்போதே அவர் வீட்டு ஆணியிலிருந்து உருவிக்கொண்டு வந்த மாடிச் சாவியைப் பூட்டில் விட்டாள். கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பூசிய சுவர், சாத்திய ஜன்னல், தரை முழுக்க மெல்லிசாகப் படிந்த தூசி. தூசியில் ஒரு கோடு கிடையாது. அவள் உள்ளே நடந்தபோது அவள் கால்தடம் மட்டும்தான் விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. சமையலறையைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள், அலமாரிக் கதவைக்கூடத் திறந்து பார்த்தாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பார்த்தாள்.

முன்னறைக்குத் திரும்பி வந்து, மேஜை இருந்த இடத்தில் நின்றுகொண்டு, செல்போனில் அவரைக் கூப்பிட்டாள்.

"சார், நான் மேலதான் இருக்கேன். இங்க யாரும் இல்ல. சத்தம் நின்னுடுச்சா?"

"நிக்கலையே. பேசிக்கிட்டுதானே இருக்கே."

"நான் உங்ககிட்ட மட்டும்தான் சார் பேசறேன். இப்ப வாயை மூடிக்கறேன். போனை மேல தூக்கிப் பிடிங்க."

அவர் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். போனில் மின்விசிறியின் கடகடப்பு கேட்டது. அதற்கும் மேலே, மச்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது அவள் நின்றுகொண்டிருந்த அந்த வெற்றுத் தரையிலிருந்து, சக்கரம் அரை வட்டம் உருண்டது. செருமல். இந்தத் தடவை வார்த்தைகள் தெளிவாகவே வந்தன.

"சொல்லுங்க, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

பெரியவர் பதில் சொன்னார். போனுக்குச் சொல்லவில்லை, மேலே பார்த்துச் சொன்னார். "நான் ஒருத்தன்தாம்மா."

"பயப்படாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் இருந்த இடத்திலேயே தூசியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், வாய் தன்னையறியாமல் அசைகிறதோ என்று. அசையவில்லை. ஓடிவிடலாம் என்று தோன்றியது. அட்வான்ஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தெருவில் இறங்கி ஓடிவிடலாம். ஓடியிருப்பாள். அக்காவின் கட்டுப் போட்ட கால் கண்முன் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பயத்துக்கு அடியில் வேலைப் புத்தி மெதுவாக எழுந்தது. லைன் திறந்து கிடக்கிறது, அதை யாரும் மூடவில்லை.

அவர்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் தானாக லைனை வைக்கக் கூடாது. கதவு திறந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னாலும் போதாது. மாட்டிக்கொண்டவர் வெளியே வந்து, தன் வாயால், "வெளிய வந்துட்டேன்" என்று சொன்னால்தான் அந்த அழைப்பு முடிந்ததாகக் கணக்கு. ஒரு பெண்மணி சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட, வாட்ச்மேனை அனுப்பிச் சமையலிலிருந்து அவளை இழுத்து வந்து சொல்ல வைத்த கதையெல்லாம் உண்டு. அத்தனை வருஷமாக மேலே அவள் பேசியதையெல்லாம் கீழே ஒருவர் தனக்கென்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேள்விகளுக்குப் பதில்கூடச் சொல்லியிருக்கிறார். அவர் மட்டும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவேயில்லை.

கீழே இறங்கி வந்து அவரிடம் சொன்னாள். "நீங்க வாசலைத் தாண்டி வெளிய போய், 'வெளிய வந்துட்டேன்'னு சொல்லணும் சார். சொன்னா இது நின்னுடும்."

அவர் நிமிர்ந்து மச்சைப் பார்த்தார். பிறகு, "நிக்கணுமாம்மா?" என்றார். "அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணுது? ஒரு மனுஷன் எப்படி இருக்கான்னு கேக்குது. அவ்வளவுதானே."

வேலையில் இருக்கும் லிஃப்டக்காவாக இருந்திருந்தால், வேண்டாம் சார், உங்களுக்கு எப்போது முடியுமோ அப்போது சொன்னால் போதும் என்றிருப்பாள். வீட்டில் இருக்கிற தங்கைதான் பதில் சொன்னாள். "நிக்கணும் சார். எனக்கு வீடு காலியாகணும்."

"சரி. உன் பணம், உனக்கு வேணும். தப்பில்ல," என்று எழுந்தார். சட்டையை மாட்டினார். செருப்பைத் தேடினார். கடைசியாக எப்போது வெளியே போனாரோ, ஒன்று கட்டிலுக்கடியில் போய்க் கிடந்தது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் போய் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார். அவள் உள்ளேயே நின்று மேலே காதைக் கொடுத்தாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" என்றது மேலே இருந்த குரல்.

"சத்தமா சொல்லுங்க சார்!" என்று இவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"வெளிய வந்துட்டேன்!" என்றார் அவர். போன சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மேலே சக்கரம் ஒருமுறை பின்னால் நகர்ந்தது, யாரோ எழுந்துகொள்வது மாதிரி. அப்புறம் ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம்கூடத் தள்ளிப்போய்விட்டது போலிருந்தது.

அவர் திரும்பி வந்து பீரோவைத் திறந்து முழு அட்வான்ஸையும் எடுத்துக் கொடுத்தார். ஒரு பைசா பிடிக்கவில்லை. ஆணி ஓட்டை பூசிய கூலியைக்கூடச் சேர்த்துக் கொடுத்தார், அவள் வேண்டாம் என்று மறுத்தும். "வர்றேன் சார்," என்றாள். "ம்," என்றார். அந்த ஒற்றை எழுத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ்ஸில் பணப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, திருடிக்கொண்டு போகிற மாதிரி அவளுக்கு உடம்பு கூசியது. நம் காசைத்தானே வாங்கினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புது வீட்டு மீதி அட்வான்ஸையும் கட்டியாயிற்று. புது வீட்டுக்காரம்மா அதே சிரிப்போடு வாங்கி வைத்துக்கொண்டாள். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடக்கத் தொடங்கி, தங்கையின் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். பயமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், லைனில் மணி அடித்தது. திரையில் வந்தது பழைய தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடம்.

செருமிக்கொண்டாள். "சொல்லுங்க, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தாம்மா."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சார்? நீங்களா? அங்க எப்படி சார் போனீங்க?"

"தெரியலையேம்மா. நீதானே வெளிய வரச் சொன்னே. வந்தேன். அதுக்கப்புறம் திரும்ப உள்ள போக வழி தெரியல. எங்கயாவது உன் சத்தம் கேக்குதான்னு நடந்துக்கிட்டே இருந்தேன்."

பயப்படாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. மெக்கானிக்கை அனுப்பினாள். அவன் பக்கத்திலேயே இருந்ததால் சீக்கிரமே போய்விட்டுச் செல்போனில் கூப்பிட்டான். "அக்கா, லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. கதவும் திறந்துதான் இருக்கு. உள்ள யாருமே இல்லையே? பசங்க யாராவது அமுக்கிட்டு ஓடியிருப்பாங்க."

ஹெட்போனில் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் நடந்து களைத்துப்போனவரின் மூச்சு.

பழைய வீட்டுக்காரரின் எண்ணை செல்போனில் அழுத்தினாள். ஆள் செத்துப்போய்விட்டாரோ என்று பயமாக இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"யாரு? நீயாம்மா? சௌக்கியமா?"

"சார், நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். வேற எங்க போவேன்? ரொம்ப நல்லா இருக்கேம்மா. நீ சொன்ன மாதிரியே எல்லாம் நின்னுடுச்சு. நல்லா தூங்கறேன். முன்னெல்லாம் அவ போட்டோவைப் பார்த்தா நெஞ்சை அடைக்கும். இப்ப பார்த்தாக்கூட ஒண்ணும் தோண மாட்டேங்குது. யாரோ ஒரு பொம்பளை போட்டோ மாதிரி இருக்கு. பாரமே இல்ல போ." சிரித்தார். வெறும் சிரிப்பு, யாரும் குடியில்லாத சிரிப்பு. "என்ன விஷயம்மா?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான் கேட்டேன்," என்று செல்போனை வைத்தாள். அன்று காலியானது மாடி மட்டுமில்லை, அவருக்குள்ளே குடியிருந்தவரும்தான் வெளியே வந்துவிட்டார் என்று அவளுக்குப் பட்டது.

மெக்கானிக் மறுபடி கூப்பிட்டு, பொய் அழைப்பு என்று போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டான். "முடிக்காதே," என்றாள். "அதை நான் பார்த்துக்கறேன்."

"லைன்ல இருக்கியாம்மா?" என்றார் ஹெட்போனில் இருந்தவர்.

"இருக்கேன் சார்."

"ஆள் வருவாங்களா?"

இல்லாததை இருக்கிறது என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாட்டிக்கொண்டவர் மனம் தளர்ந்தால் அவருக்குப் பிடித்தமானவர்களைப் பற்றிப் பேச வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "உங்க வீட்டம்மாவைப் பத்திச் சொல்லுங்க சார்," என்றாள். "முதல் முதல்ல அவங்களை எங்க பார்த்தீங்க?"

அவர் குரலில் உயிர் வந்தது. நிதானமாக, ஒன்றையும் விடாமல், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். உள்ளேயிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். நீ சாப்பிடு என்று கையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது. குரலில் மட்டும் அது ஏறாமல் பார்த்துக்கொண்டு, "ம், அப்புறம் சார்?" என்று கேட்டாள்.